பிக்கப்பில் பிடிபடாத சத்தம்: கோத்தகிரி தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு நாலைந்து சந்தேகங்களுக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஒரு கேள்வி மூன்று நாளாக மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. முழு நேரத்தையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன், மற்றவர்களுக்கு அடுத்த வாரம்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். சொந்த பிக்கப், நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் இன்ஜின், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் கடும் அழுத்தத்தில் நிற்கிற வகை, 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார், திரும்பும்போது உரமூட்டையோ சிமெண்டோ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. சூடானதும் குறைகிறது. லோடோடு மலை ஏறினால் திரும்பவும் வந்துவிடுகிறது. மூன்று பட்டறையில் காட்டிவிட்டேன். ஒருவர் டேப்பெட் என்றார். ஒருவர் இன்ஜெக்டர் நாலையும் மாற்று என்றார். மூன்றாவது இடத்தில் மெட்டல் போய்விட்டது, இன்ஜினை இறக்கணும், 85,000 ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். இறக்கலாமா அண்ணா?" முடிக்கிற இடத்தில், வேண்டாவெறுப்பாக, இன்னொன்றும் சொன்னார்: "ஏறும்போது கேபினுக்குள் லேசாகப் புகை வாடை அடிக்கிறது, பழைய வண்டிதானே, அதை விடுங்கள்."

அதை எப்படி விடுவது? மூன்று பட்டறையிலும் அவர் இதைச் சொல்லவே இல்லையாம், யாரும் கேட்கவும் இல்லையாம். எனக்கு அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருந்தது. சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பட்டறைகள் சொன்ன மூன்று பெயர்கள்: டேப்பெட் என்பது வால்வைத் தள்ளுகிற பாகம், இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது, மெட்டல் என்பது கிராங்கைத் தாங்குகிற பேரிங். கிராங்க் என்பது பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக்குகிற தண்டு.

பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். சத்தம் எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள், எப்போது வருகிறது என்று கேளுங்கள். கிளட்ச் பற்றிப் பேசியபோது சொன்னேன், பெல்ட் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. இன்ஜின் என்பது ஒரே இரும்புக் கட்டி. இரும்பில் சத்தம் காற்றில் போவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். மேலே ஹெட்டில் ஒரு தட்டல் என்றால் அது கண் மூடித் திறப்பதற்குள் பிளாக் முழுக்கப் பரவி, எங்கே தகடு மெல்லிசாக இருக்கிறதோ அங்கே வெளியே வரும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப் மெல்லிய தகடு, டேப்பெட் மூடியும் அப்படித்தான். தவிலுக்குத் தோல் எப்படியோ அப்படி அவை அதிரும். நீங்கள் கீழே குனிந்து கேட்டால் சம்ப்பில் சத்தம், உடனே "மெட்டல் போச்சு" என்று முடிவு. காது பொய் சொல்லவில்லை, ஆனால் அது சொல்வது சத்தம் வெளியே வருகிற இடத்தை. பிறக்கிற இடம் வேறாக இருக்கலாம்.

"எப்போது" என்று கேட்டுப் பாருங்கள், பாதி வேலை ஸ்பானரைத் தொடாமலே முடியும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ரேஸ் கொடுத்தால் வருகிறதா? வரவில்லை, ஓடினால் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் அது இன்ஜினே இல்லை. எங்கள் நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடகட என்று இன்ஜின் அடிக்கிறது என்று கொண்டுவந்து விட்டார். நிற்க வைத்து எத்தனை ரேஸ் கொடுத்தாலும் பஞ்சு மாதிரி ஓடுகிறது. கடைசியில் பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஜாக்கி, அதைப் பிடிக்கிற கிளிப் உடைந்து, குழி வந்தபோதெல்லாம் தரையை அடித்திருக்கிறது. இரண்டு மாதம் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கிறார் மனுஷன்.

அப்புறம் கிளட்ச். நியூட்ரலில் நிறுத்தி, பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் போகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். விட்டால் வருகிறது, மிதித்தால் போகிறது என்றால் கியர்பாக்ஸின் முன்பக்க பேரிங் பக்கம் போங்கள். கீச்சென்றோ உறுமலாகவோ வந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் டைனமோ, வாட்டர் பம்ப், டென்ஷனர் மூன்றில் ஒன்று. அரை நிமிடம்தான், பல வண்டிகளில் அந்த பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி கனமாக டொக் டொக் என்று கேட்டு, கூடவே ஆயில் விளக்கும் மினுக்கினால், எந்தச் சோதனையும் வேண்டாம், அதே இடத்தில் இன்ஜினை நிறுத்துங்கள். பட்டறை வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தவர்களின் கிராங்க் எத்தனையோ என் பட்டறை மூலையில் கிடக்கிறது. தம்பியிடமும் முதலில் கேட்டது அதைத்தான். ஆயில் அளவு சரி, விளக்கு எரியவில்லை, சத்தமும் கனமாக இல்லை, மெல்லிசு. அதனால் நிதானமாகத் தேடலாம் என்று ஆனது.

இப்போது அவருடைய சத்தம். காலையில் பானட்டைத் திறந்து வைத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்லோவில் ஓடவிட்டு, போனில் அரை நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். மீட்டரில் 800 ஆர்பிஎம் காட்டியது என்றார். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம் ஒரு சுற்று. 800 சுற்றுக்கு கேம் 400. ஒரு சிலிண்டரில் வெடிப்பதும் நிமிடத்துக்கு 400 தடவைதான், ஒரு வால்வு திறந்து மூடுவதும் 400 தடவைதான். பத்து நொடிக்கு அறுபத்தாறு, அறுபத்தேழு. காதால் எண்ண முடியாது. ஆனால் பதிவைக் கால்வாசி வேகத்தில் ஓட்டினால் பத்து நொடி நாற்பது நொடியாக நீளும், பேப்பரில் கோடு போட்டுக்கொண்டே எண்ணிவிடலாம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து மூன்று முறை எண்ணினேன்: 66, 67, 66.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிராங்கோடு சுற்றுகிற சாமான் எதுவாக இருந்தாலும், ஃப்ளைவீல், புல்லி, ஆயில் பம்ப், சுற்றுக்கு ஒன்றாவது அடிக்கணும், எண்ணிக்கை 130-ஐத் தாண்டியிருக்கும். டைனமோ அதைவிட வேகமாகச் சுற்றுவது. இது சரியாகப் பாதி. அப்படியென்றால் ஒரே ஒரு சிலிண்டரில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நடக்கிற விஷயம். வால்வு பக்கமா, அந்த சிலிண்டர் வெடிக்கிற நேரத்திலா, இவ்வளவுதான் மிச்சம். வெடிக்கிற நேரத்தில் மட்டும் அடிக்கிற மெட்டலும் இந்தக் கணக்குக்குள் வரும், அதனால் அதை இன்னும் தள்ளிவிட முடியாது.

அடுத்தது எந்த சிலிண்டர் என்று பார்க்கணும். பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்போம், நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். காமன் ரெயிலில் அதைக் கனவிலும் செய்யாதீர்கள். ஸ்லோவிலேயே ரெயிலில் 200, 300 பார் அழுத்தம் இருக்கும், லோடில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். இன்ஜினை நிறுத்தி, ஒரு இன்ஜெக்டரின் வயர் பிளக்கை மட்டும் பிடுங்கி, திரும்ப ஸ்டார்ட் செய்து கேளுங்கள். செக் லைட் எரியும், அப்புறம் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

இப்படிப் பிடுங்கும்போது டேப்பெட் சத்தம் என்றால் மாறாது, வால்வுக்கு டீசல் வந்தால் என்ன வராவிட்டால் என்ன. மெட்டலோ இன்ஜெக்டர் அடியோ என்றால் ஏறக்குறைய நின்றுவிடும், ஏனென்றால் அங்கே வெடிப்பே இல்லை. தம்பி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்று, இரண்டு, நாலு, மாற்றமே இல்லை. மூன்றாவதைப் பிடுங்கியதும் சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. "டிக் போய் சஃப் சஃப் என்று ஆகிவிட்டது அண்ணா" என்றார். அந்த 'சஃப்' என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும், புகை வாடையும் இதுவும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. வெடிப்பு இல்லாவிட்டாலும் பிஸ்டன் மேலே வந்து காற்றை அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அமுக்கின காற்று எங்கேயோ வெளியே பீய்ச்சுகிறது.

அடுத்து ஒரு ரப்பர் குழாய் எடுக்கச் சொன்னேன். இதை மனதில் வையுங்கள்: இரும்புச் சத்தத்துக்குக் குச்சி, காற்றுச் சத்தத்துக்குக் குழாய். இரும்பு இரும்பை அடித்தால் கட்டைக் குச்சியின் ஒரு முனையை அங்கே வைத்து மறுமுனையைக் காதோரம் எலும்பில் வைத்தால் துல்லியமாகக் கேட்கும். காற்றுக் கசிவு குச்சியில் சரியாக ஏறாது, குழாயின் வாயை அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகணும். 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் ஒரு தாளைச் சுருட்டிக் குழாயாக்கி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார், இன்றைக்கு டாக்டர் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பதுதான் அவருக்கு வந்த யோசனை. என் மேஸ்திரி அவர் பெயரைக் கேள்விப்பட்டதே கிடையாது, ஆனால் காதில் தேய்ந்து தேய்ந்து பளபளவென்று ஆன ஒரு தேக்குக் குச்சி வைத்திருந்தார், ஒன்றரை அடி இருக்கும். எங்களைச் சேலம் ரோட்டோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வைத்து, போகிற வண்டி என்ன வண்டி, லோடா காலியா என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு முழுக்க நட்டு போல்ட்டு கழுவுகிற வேலைதான். அந்தக் காது பழக்கம் வேறு எங்கேயும் கிடைக்காது.

குழாயை மூன்றாவது இன்ஜெக்டரின் அடியில் கொண்டுபோனதும் தம்பி காதைப் பின்னால் இழுத்துக்கொண்டாராம். போட்டோ அனுப்பினார். மற்ற மூன்றும் தூசியோடு சாதாரணமாக இருக்க, மூன்றாவதைச் சுற்றி மட்டும் தார் காய்ச்சி ஊற்றினாற்போல் கருப்பாகப் பளபளத்தது. இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் உண்டு, மோதிரத்தைவிடச் சின்னது. அது தளர்ந்துவிட்டால் வெடிக்கிற வாயு அந்தச் சந்தில் புகுந்து மேலே வரும். மலை ஏறும்போது அழுத்தம் கூடும், அதனால் சத்தம் கூடும், வாடையும் கேபினுக்குள் வரும். காலையில் இரும்பு சுருங்கியிருக்கும், சந்து பெரிதாக இருக்கும். சூடானதும் விரிந்து பாதி அடைத்துக்கொள்ளும். அவர் சொன்ன ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்துகிறது, பாருங்கள்.

செலவு என்று பார்த்தால் வாஷர் டீக்காசுதான், கழற்றுகிற கூலிதான் கொஞ்சம். ஆனால் சொல்லவேண்டியது சில உண்டு. கரி கல்லாக இறுகியிருக்கும், எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்கணும், நெம்பினால் இன்ஜெக்டர் உடையும். துளைக்குள் கரித்தூள் விழாமல் பார்க்கணும். வாஷர் உட்காருகிற சீட்டில் குழி விழுந்திருந்தால் கட்டர் போட்டுச் சமன் செய்யாமல் புது வாஷர் போட்டும் பயன் இல்லை. பழைய வாஷரைத் திரும்பப் போடவே கூடாது, ஒரு முறை நசுங்கின செம்பு இறுகிப்போயிருக்கும். கிளாம்ப் போல்ட்டை கம்பெனி சொன்ன முறுக்கு அளவில் (டார்க்) முடுக்கணும், கை அளவு உதவாது. எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டரில் இருந்ததோ அதே இடத்துக்குத்தான் போகணும், பல வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும்.

அந்த மூன்று பட்டறைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுச் சொல் என்றால் யாருக்கும் சிரமம்தான். எனக்கு ஆதங்கம் வேறு. தம்பி என்னிடம் "இந்தச் சத்தம் என்ன" என்று கேட்டார். "என் வண்டி நன்றாக இருக்கும்போது எப்படிச் சத்தம் போடணும்" என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வண்டி நல்லபடியாக ஓடும்போது, இன்றைக்கே, ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட், பானட் திறந்து, போனை எப்போதும் ஒரே இடத்தில், ஆயில் கேஜுக்கு ஒரு முழம் மேலே பிடித்து. சூடானதும் இன்னொன்று. ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஏதோ கேட்கிறதே என்று தோன்றினால், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பட்டறைக்குப் போனாலும் அதை மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டுங்கள். அப்படிக் கொண்டுவருகிற வண்டிக்காரர் என் பட்டறைக்கு வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அவரிடம்தான் முதலில் பேசுவேன்.

தம்பி வாஷர் மாற்றிய மறுநாள் காலையிலேயே பதிவு செய்து, தேதியும் கிலோமீட்டரும் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலில் பழையதைப் போடுகிறேன், அடுத்து புதியது. ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.