கறிக்கட்டைக்கு எந்தப் பசை?

[காட்சி: புளியமரத்தை உருளையாக அறுத்த கறிக்கட்டை. வெட்டிவெட்டி நடுப்பகுதி குழிந்திருக்கிறது.]

சென்னையின் கறிக்கடைகளில் இந்தக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். முழுமரத் துண்டு என்பதால் இதற்குப் பசை வேண்டியதில்லை. அந்தப் பருமனில் வெடிப்பில்லாத மரம் கிடைக்காதபோது சிறு துண்டுகளை ஒட்டித்தான் செய்ய வேண்டும்.

எந்தப் பசை பலமாகப் பிடிக்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். சரியாக இழைத்த மரத்தில் நல்ல வெள்ளைப் பசை எதுவுமே மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். தண்ணீரைத் தாங்குமா என்று கேளுங்கள். காசிமேட்டில் மீன் வெட்டும் கட்டை காய்வதற்கே நேரமிருக்காது. மரம் நனைந்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த இழுபறி முழுவதையும் ஒட்டுதான் தாங்க வேண்டும். எல்லாத் துண்டுகளின் நாரும் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்பதும் இதனால்தான். மாற்றி வைத்தால் எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது.

[காட்சி: பசை டப்பாவின் பின்பக்கம். டி3 என்ற எழுத்து நெருக்கத்தில்.]

டி3, டி4 என்பவை ஐரோப்பியத் தர அளவுகள். ஒட்டிய மரத்தை 4 நாள் தண்ணீரில் ஊறவைத்து இழுத்துப் பார்ப்பார்கள். டி4 பசை, டி3 தாங்க வேண்டியதைப் போல இரு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 6 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும் பிடிப்பு விடக்கூடாது. வீட்டுக் காய்கறிப் பலகைக்கு டி3 போதும். கறிக்கடைக்கும் மீன்கடைக்கும் டி4 வாங்குங்கள்.

ஃபெவிகாலிலேயே எஸ்ஹெச் சாதாரண மரச்சாமான்களுக்கானது, மெரைன் தண்ணீர் படும் இடத்துக்கானது. டைட்பாண்ட் 3 என்ற அமெரிக்க மரப்பசையும் தண்ணீரைத் தாங்கும். உலர்ந்த பிறகு உணவு மறைமுகமாகப் படும் இடங்களுக்கு அமெரிக்க விதிகளும் அதை அனுமதிக்கின்றன. மற்ற எந்தப் பசையானாலும் உணவு படும் இடத்துக்கு ஏற்றதா என்று டப்பாவில் படித்துவிட்டு வாங்குங்கள். பாலியூரித்தேன் பசை நீரைத் தாங்கும், ஆனால் நுரைத்துப் பொங்கும். இடைவெளியை நிரப்பும் அந்த நுரைக்குப் பலம் கிடையாது. தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் ஒட்டுமுன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள்.

[காட்சி: துண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இறுகுகிறது. ஒட்டு நெடுகப் பசை முத்துமுத்தாகப் பிதுங்குகிறது.]

இந்த முத்துகளைக் கவனியுங்கள். சீராக வந்தால் பசையும் அழுத்தமும் சரி. ஓரிடத்தில் வராவிட்டால் அங்கே பசை போதவில்லை அல்லது மரம் சரியாக இழைக்கப்படவில்லை. உடனே பிரித்துப் பாருங்கள். பசை தடவியபின் துண்டுகளைச் சேர்க்க டைட்பாண்ட் 3 தரும் சுமார் 10 நிமிட அவகாசம் 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சென்னையின் மே மாதத்தில் அதற்குள்ளேயே ஆடை கட்டிவிடும். எனவே விடிகாலையில், ஒரு தடவைக்கு நான்கைந்து துண்டுகளாக ஒட்டுங்கள். 24 மணி நேரத்துக்குக் கட்டைக்கு வேலை கொடுக்காதீர்கள்.

[காட்சி: வாளித் தண்ணீரில் ஒட்டிய இரண்டு கழிவுத் துண்டுகள்.]

கட்டையில் கைவைக்குமுன் அதே மரத்தின் கழிவில் இரண்டு துண்டுகளை ஒட்டி, நன்றாகக் காய்ந்ததும் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் உளியை ஒட்டில் வைத்துத் தட்டுங்கள். மரம் பிய்ந்து வந்தால் தைரியமாக வேலையைத் தொடங்கலாம். ஒட்டுக்கோட்டில் வழவழவென்று பிரிந்தால் அந்த டப்பாவை அலமாரி வேலைக்கு ஒதுக்கிவிட்டு வேறு பசை வாங்குங்கள்.