கிடாருக்கு உயிர் கொடுப்பது கைவேலையே! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். கொடுத்ததே எட்டு நிமிஷம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

"அக்கூஸ்டிக் கிடாருக்கு உயிர் கொடுப்பது கைவேலையா, இயந்திரமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசிட்டுப் போன தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியர். அழகாப் பேசினார். என்ன சொன்னார்? "கையால செஞ்ச கிடாரும் அம்மா வைக்கிற ரசமும் ஒண்ணு. ஒரு நாள் நல்லா இருக்கும், ஒரு நாள் புளிக்கும். மெஷின்ல அந்தப் பேச்சே கிடையாது"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. மூணாவது வரிசையில ஒரு ஐயா விசிலே அடிச்சார். பக்கத்துல வீட்டம்மா உக்காந்திருக்காங்கன்னு மறந்துட்டார் பாவம். ஐயா, ராத்திரி சாப்பாட்டுக்கு ஓட்டல் பாத்து வச்சுக்குங்க.

தம்பி, நீங்க கிடாரைப் பத்தி என்ன வேணா பேசியிருக்கலாம். ரசத்துல கை வச்சிருக்கக் கூடாது. ரசம் ஏன் புளிக்குது? புளி மாறுது! போன மாசம் பழைய கறுப்புப் புளி, இந்த மாசம் புதுப்புளி. தக்காளி ஒரு நாள் நாட்டுத் தக்காளி, ஒரு நாள் பெங்களூர்த் தக்காளி. யூடியூபைப் பாத்து நான் ஒருக்கா ரசம் வச்சேன். "எலுமிச்சை அளவு புளி"ன்னு போட்டிருந்தது. எந்த ஊர் எலுமிச்சைன்னு போடலை! அன்னிக்கு எங்க வீட்ல எல்லாரும் மோர் ஊத்திச் சாப்பிட்டாங்க. அம்மா அளந்தா போடறாங்க? கரண்டியால ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நாக்குல வச்சுப் பாப்பாங்க. "இன்னும் ஒரு டம்ளர் தண்ணி." முடிஞ்சது. புளி மாறினாலும் ரசம் மாறலைன்னா அது யாரால தம்பி? அந்த நாக்கால!

இப்ப இதே கணக்கைக் கிடாருக்குப் போடுங்க. நடுவுல வட்ட ஓட்டையோட முன்னாடி இருக்கே ஒரு பலகை, அந்த மேல்பலகைதான் பாடுது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ்னு ஒரு குளிர்நாட்டு ஊசியிலை மரம். கனம் சுமாரா 3 மில்லிமீட்டர். ஆறு ஸ்டீல் கம்பியையும் முறுக்கி ஏத்தினா 70 கிலோவுக்கு மேல இழுவை. பலகை கனமா இருந்தா சத்தம் எழும்பாது. மெலிசாப் போச்சுன்னா கொஞ்ச நாள்ல வயிறு தள்ளிடும். நடுவர் ஐயா ஏன் என்னை முறைக்கறீங்க? நான் கிடாரைச் சொன்னேன்.

ஒரே மரத்துல அடுத்தடுத்து அறுத்த ரெண்டு பலகையில ஒண்ணு விறைப்பா இருக்கும், இன்னொண்ணு வளைஞ்சு கொடுக்கும். மெஷின்ல 2.8 மில்லிமீட்டர்னு போட்டா ரெண்டையும் 2.8க்குச் சீவித் தள்ளிடும். கைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு லேசா வளைப்பார். விரல் முட்டியால தட்டிக் காதுகிட்ட வச்சுக் கேப்பார். அடியில ஒட்டின தாங்கு பட்டையை உளியால ஒரு சீவு சீவிட்டு மறுபடி தட்டுவார். புதுப்புளின்னு தெரிஞ்சதும் தண்ணி விடறார், அவ்வளவுதான்!

"வெள்ளைக்காரன் வாத்தியத்துக்கு உனக்கென்னய்யா இவ்வளவு அக்கறை"ன்னு கேக்காதீங்க. அமெரிக்காவுல மார்ட்டின் கிடார் கம்பெனிக்கு பிரேசில் ரோஸ்வுட் கிடைக்கிறது கஷ்டமானப்போ, 1969 வாக்குல எதுக்கு மாறினாங்க? இந்திய ரோஸ்வுட்டுக்கு. நம்ம ஈட்டி மரம்! எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கோம், விசாரிக்கத்தான் செய்வோம்.

தம்பி ஒரு சாட்சியும் கூட்டிட்டு வந்தார். கலிஃபோர்னியாவுல டெய்லர் கிடார் கம்பெனியோட பாப் டெய்லர். கம்ப்யூட்டர் மெஷினைக் கிடார் பட்டறைக்குள்ள கொண்டுவந்த முன்னோடிகள்ல ஒருத்தர். அவர் 1995-ல சரக்கு அடுக்குற பழைய பேலட் கட்டையை எடுத்து ஒரு கிடார் செஞ்சார். ஆணி அடிச்ச இடம் கூடத் தெரியும். அதுவும் நல்லா ஒலிச்சது. சரி, எதுக்காகச் செஞ்சார்? "மரத்தை விட அதைச் செய்யறவன்தான் முக்கியம்"னு காட்டறதுக்காக! தம்பி, எங்க சாட்சியை உங்க செலவுல கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி. பஸ் கட்டணம் எங்க அணி கொடுத்துடும்.

அவருக்கு 133 வருஷம் முன்னாடியே ஸ்பெயின்ல ஒரு தச்சர் இதைச் செஞ்சு காட்டிட்டார். அந்தோனியோ தெ டோரஸ். இன்னிக்கு கிளாசிக்கல் கிடார்னு நாம பாக்கற அளவும் உருவமும் அவர் பட்டறையில நிலைச்சதுதான். மேல்பலகைதான் உயிர்னு அவர் கட்சி. அதை நிரூபிக்க 1862-ல ஒரு கிடார் செஞ்சார். முதுகு எதுல? அட்டையில! பக்கவாட்டு எதுல? அட்டையில! உடம்புல மேல்பலகை மட்டும் மரம். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்றேன்: அட்டை! பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாத்திருந்தா என்ன நினைச்சிருப்பார்? "ஏம்ப்பா, வியாபாரம் படுத்துடுச்சா? கடன் வேணும்னா கேக்க வேண்டியதுதானே, அதுக்காக அட்டைப் பெட்டியையா வெட்டுவே?" மழை வந்தா கிடாருக்குக் குடை பிடிக்கணும். பழைய பேப்பர்க்காரர் வந்தா உள்ள எடுத்து வைக்கணும், இல்லாட்டி கிலோ எவ்வளவுன்னு கேட்டுடுவார். ஆனா அந்த அட்டைக் கிடார் பாடுச்சய்யா! இன்னிக்கும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்துல இருக்கு, போனா பாக்கலாம். பழைய பேப்பர்க்காரர் இன்னும் அந்தப் பக்கம் போகலை.

சிரிச்சாச்சு. அந்த மனுஷன் வாழ்க்கையையும் கேளுங்க. முதல் மனைவி 23 வயசுல காசநோயில போயிட்டாங்க. மூணு பெண் குழந்தைங்கள்ல ரெண்டு தங்கலை. பின்னாடி கிடார்ல மகா வித்வானான தாரெகா, 1869-ல சின்னப் பையனா இவர்கிட்ட கிடார் வாங்க வந்தார். டோரஸ் முதல்ல ஒரு சாதாரணக் கிடாரைக் காட்டினார். பையன் வாசிச்சதைக் கேட்டதும், தனக்குன்னு செஞ்சு வச்சிருந்ததையே எடுத்துக் கொடுத்துட்டார். அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாள்ல கிடார் வேலையையே விட்டுட்டு, அல்மெரியாவுல பீங்கான் சாமான் கடை போட்டு உக்காந்தார். அப்புறம் 1875 வாக்குல மறுபடி உளியை எடுத்தார்.

வயசான காலத்துல, பழக்கமான பாதிரியார் ஒருத்தர் சாப்பாட்டு நேரத்துல கேட்டார்: "உங்க ரகசியத்தைச் சொல்லிட்டுப் போங்களேன்." டோரஸ் சொன்ன பதிலோட சாரம் இதுதான்: "நான் நினைச்சாலும் விட்டுட்டுப் போக முடியாது ஃபாதர். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் பலகையைத் தொட்டு புத்திக்குச் சொல்ற சேதி அது. என்னோடதான் குழிக்குள்ள வரும்." 1892-ல போயிட்டார்.

தம்பி உடனே கேப்பார்: "ஆளோட போயிடற வித்தை எதுக்கு? மெஷின்ல ஏத்தி வச்சா நிக்குமே?" நியாயமான கேள்விதான். ஆனா எங்கப்பா மர ஆசாரி, நடுவர் அவர்களே. நிலையை இழைச்சு முடிச்சதும் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டைவிரலால ஒரு தடவு தடவுவார். "இங்க அரை நூல் ஏறியிருக்குடா"ம்பார். மட்டப்பலகை வச்சுப் பாத்தா அவர் சொன்னது சரியா இருக்கும். அந்த விரலுக்கு என்ன கூலி கிடைச்சதுன்னு இங்க இருக்கற ஆசாரி வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தெரியும்.

மணி அடிச்சிட்டீங்க. "இதுல லாஜிக்கே இல்லை"ன்னு தம்பி வேகமாக் குறிப்பு எடுக்கறார். எடுக்கட்டும். அந்தப் பேனாவைப் பிடிச்சிருக்கறதும் அதே ரெண்டு விரல்தான். தீர்ப்பு உங்க கையில. நன்றி, வணக்கம்.