ஆகாயத்தாமரையும் சீகையும்: எடுத்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது?

[காட்சி: கொடைக்கானல் ஏரி, காலை. கரையோரம் பச்சைப் படலம்.]

1863-இல் ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி இது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். ஊர் நடுவே பள்ளத்தில் கிடப்பதால், சுற்றுச் சரிவுகளில் விழும் மழை வழியில் அகப்பட்ட கழிவுநீரையும் அள்ளிக்கொண்டு இங்கேதான் இறங்கும். அந்தக் கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் இங்கே படர்ந்து மிதக்கும் ஆகாயத்தாமரைக்கு உரம். இந்தக் களையை எப்படி அகற்றுவது என்று முதலில் பார்ப்போம்.

[காட்சி: கையில் ஒரே ஒரு செடி, மிக அருகில்.]

இந்தச் செடியைப் பாருங்கள். இலைக்காம்பு பந்துபோல உப்பியிருக்கிறது. கிள்ளினால் உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள். மிதக்க வைப்பது அதுதான். கீழே கருத்த வேர்க் கற்றை. பக்கவாட்டில் ஓடுதண்டு, அதன் நுனியில் குட்டிச் செடி. இழுக்கும்போது முதலில் ஒடிவது இந்தத் தண்டுதான். தாய் கூடைக்கு வந்துவிடும், குட்டி தண்ணீரில் நின்றுவிடும். வெயிலும் சத்தும் வாய்த்தால் இரண்டு வாரத்தில் இரு மடங்காகக்கூடிய செடி. நூறு கூடையில் பத்தை விட்டுவைத்தால், அந்தக் கணக்கில் ஆறு வாரத்தில் எண்பது கூடை. மலைக் குளிரில் இன்னும் சில வாரம் பிடிக்கும், அவ்வளவே.

[காட்சி: மூங்கில் தடுப்பு கட்டும் கைகள்.]

அதனால் செடியை அள்ளத் தொடங்கும் முன் தடுப்பு. காற்று படலத்தை எந்த மூலைக்கு ஒதுக்குகிறதோ, அங்கே அதன் வெளிவிளிம்பைச் சுற்றி மூங்கில் கழிகளையோ, இரு முனையும் அடைத்த பிவிசி குழாய்களையோ கயிற்றில் கோத்துக் கட்டுங்கள். அதிலிருந்து ஓர் அடி ஆழத்துக்கு வலை தொங்கட்டும். நழுவும் குட்டிகள் அதில் மாட்டும். படகில் இருப்பவர்கள் வெளிவிளிம்பிலிருந்து கரையை நோக்கி வரவேண்டும். பல்வாரியை வேருக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள், இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். உயிர்காப்பு உடை இல்லாமல் யாரும் படகில் ஏற வேண்டாம்.

பூப்பதற்கு முன் முடிப்பது முக்கியம். விதை சேற்றில் இறங்கிவிட்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

[காட்சி: கரையில் வாடும் குவியல்.]

அள்ளியதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். உடனே லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். நான்கைந்து நாள் பரப்பி வாட விடுங்கள், ஆனால் வடியும் நீர் ஏரிக்குத் திரும்பாத இடத்தில். கரையிலேயே அழுக விட்டால் எடுத்த சத்தெல்லாம் அடுத்த மழையில் மறுபடி ஏரிக்குள் போய்விடும். பல இடங்களில் நடக்கும் பெரிய தவறு இது.

மட்கு உரமாக்க, சாணத்தோடு அடுக்கடுக்காய் நாலடி உயரம் குவித்து, பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். உள்சூடு 55 டிகிரியைத் தொட்டு நிலைக்காவிட்டால் விதை சாகாது. இன்னொன்று: ஆகாயத்தாமரை கன உலோகங்களையும் உறிஞ்சி வைக்கும். 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசப் பிரச்சினையைக் கண்ட ஊர் இது. பரிசோதிக்காமல் அந்த உரத்தைக் கேரட், பீன்ஸ் பாத்திக்குப் போடக் கூடாது.

களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். செத்த செடி அடியில் அழுகி நீரின் ஆக்சிஜனைத் தின்னும். மீன் செத்து மிதக்கும்.

[காட்சி: சோலை ஓரம். உள்ளே இருட்டு, வெளியே சீகை மரங்கள்.]

பாம்பே சோலை போன்ற ஊரோரச் சோலைகளில், அதாவது மலையின் இயற்கையான அடர்காடுகளில், சிக்கல் வேறு. அங்கே பரவும் களை சீகை: சீகைக்காய் அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம். வனத்துறை அனுமதியின்றி அங்கே எதையும் வெட்டக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் சீகையை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்க்காதீர்கள். திடீரென வெளிச்சம் விழுந்தால் மண்ணில் பல பத்தாண்டுகளாகத் தூங்கும் சீகை விதை மொத்தமாய் முளைக்கும். தீ வைத்தால் இன்னும் மோசம். சூடு பட்டால் அந்த விதையின் தோல் சட்டெனத் திறந்துகொள்ளும்.

[காட்சி: பட்டை உரிப்பது, அருகில்.]

முழங்கால் உயரக் கன்றுகளை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கலாம். வளர்ந்த மரத்துக்குப் பட்டை உரிப்பு. இடுப்பு உயரத்தில் சுற்றிலும் வெட்டி, அங்கிருந்து தரை வரை பட்டையைக் கீழ்நோக்கி உரியுங்கள். மழைக்காலத்தில் துணி மாதிரி கழன்று வரும். விரல் அகலப் பட்டை ஒட்டியிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். வழவழப்பான வெள்ளைக் கட்டை தெரியும் வரை சுரண்ட வேண்டும். மரம் நின்றபடியே மெல்லக் காயும், வெளிச்சமும் மெல்லத்தான் இறங்கும். சாலை, வீடு பக்கம் மட்டும் இந்த முறை கூடாது. காய்ந்த மரம் எந்தக் காற்றில் சாயும் என்று சொல்ல முடியாது.

அந்த அரைநிழல்தான் சோலைக் கன்றுக்குத் தொட்டில். திறந்த வெளியில் நட்டால் ஜனவரி உறைபனியில் இலை கருகிவிடும். நாவல் இனங்கள், விக்கி, காட்டுச் செண்பகம் போன்றவற்றை ஒன்றரை அடி வளர்ந்த பிறகு நடுங்கள். இவற்றில் பலவற்றின் விதையை உலர்த்திச் சேமிக்க முடியாது. பழம் விழுந்த சில நாளிலேயே நாற்றங்காலில் ஊன்றிவிட வேண்டும். அக்டோபரில் மழை கூடுதல்தான், ஆனால் இரண்டு மாதத்தில் பனி வந்துவிடும். ஜூனில் நட்டால் வேர் பிடிக்க அவகாசம் உண்டு. புல்வெளியாகவே இருந்த இடத்தில் மட்டும் மரம் நடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புங்கள். முதலில் பார்க்க வேண்டியது நட்ட கன்றுகளை அல்ல, உரித்த சீகையின் அடியை. வேரிலிருந்து புதுத் தளிர் கிளம்பியிருந்தால் அங்கேயே கிள்ளிவிடுங்கள்.