ஓர் ஈயின் முழு மூளை

[திரையில்: சர்க்கரைத் துளியின் ஓரத்தில் வந்து உட்காரும் பழ ஈ. மிக அருகில்.]

பழ ஈக்குக் காலிலும் நாக்கு உண்டு என்றே சொல்லலாம். சர்க்கரைத் தண்ணீரில் கால் பட்டதுமே, தலைக்கு அடியில் மடிந்து கிடக்கும் உறிஞ்சுகுழல் நீள்கிறது. அதே துளியில் கொஞ்சம் கசப்பைக் கலந்து வைத்தால் குழல் நீளத் தயங்குகிறது. இதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. 'இனிப்பா, நீட்டு, கசப்பா, நிறுத்து' என்கிற முடிவு, குண்டூசித் தலையை விடச் சிறிய அந்த மூளைக்குள் எங்கோ எடுக்கப்படுகிறது.

எங்கே என்று இப்போது விரல் வைத்துக் காட்ட முடியும். அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

வணக்கம். 2024 அக்டோபர் 2 அன்று நேச்சர் இதழில் ஒன்பது ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. வளர்ந்த பெண் பழ ஈ ஒன்றின் முழு மூளைக்கான இணைப்பு வரைபடம் அவற்றின் மையம். மொத்தம் 1,39,255 நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகள், அதாவது சினாப்ஸ்கள், 5 கோடிக்கும் மேல். இப்படி முழுமையாக வரைந்த வரைபடத்துக்குக் கனெக்டோம் என்று பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் இருவரும் தலைமையேற்ற ஃப்ளைவயர் என்ற கூட்டமைப்பின் வேலை இது. கேம்பிரிட்ஜ், வெர்மான்ட் ஆய்வாளர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளை நுண்ணோக்கிப் படங்கள், பேனாவால் வரைந்த கோடுகளோடு.]

ஒரு விலங்கின் நரம்புகளை முழுமையாக வரைவது புது ஆசை இல்லை. சி. எலிகன்ஸ் என்ற மில்லிமீட்டர் நீளப் புழுவுக்கு 1986-லேயே இதைச் செய்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர், ஜான் வைட் குழுவினர் படங்களை அச்சிட்டு, ஒவ்வொரு நரம்பையும் கையால் பின்தொடர்ந்து வரைந்தார்கள். புழுவுக்கு இருப்பது 302 நியூரான்கள்தான். அதற்கே பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. பிறகு 2023-ல் பழ ஈயின் இளம்புழு: 3,016 நியூரான்கள். அடுத்த ஆண்டே ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். எப்படி?

முதலில் மூளையைப் பிசினில் இறுக்கி, வைரக் கத்தியால் 7,000-க்கும் மேற்பட்ட சீவல்களாகச் சீவினார்கள். ஒரு சீவலின் தடிமன் 40 நானோமீட்டர். ஒரு தலைமுடியைக் குறுக்கே ஏறத்தாழ 2,000 அடுக்குகளாகப் பிரித்தால் ஓர் அடுக்கு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. ஒவ்வொரு சீவலையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுத்தார்கள். மொத்தம் சுமார் 2 கோடியே 10 லட்சம் படங்கள். அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு மையத்தில் டேவி பாக் குழு செய்து 2018-ல் வெளியிட்ட வேலை இது.

அடுத்ததுதான் சிக்கல். ஒரு சீவலில் புள்ளியாகத் தெரியும் நரம்பு அடுத்த சீவலில் எங்கே போனது? செயற்கை நுண்ணறிவு இதை வேகமாகக் கண்டுபிடித்துக்கொண்டே போகும். ஆனால் தவறும் செய்யும். பக்கத்தில் ஓடும் இரண்டு கிளைகளை ஒட்டிவிடும். நீளும் கிளையைப் பாதியில் வெட்டிவிடும். ஒரே ஓர் இடத்தில் ஒட்டிவிட்டாலும் இரண்டு நியூரான்கள் ஒன்றாகிவிடும். அதனால் மனிதக் கண்கள் வேண்டும். பல நாட்டு ஆய்வகங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோரும், ஆர்வத்தால் வந்து சேர்ந்த தன்னார்வலர்களும் திரையின் முன் உட்கார்ந்து கிளை கிளையாகத் திருத்தினார்கள். ஒரே ஆள் செய்திருந்தால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். இந்தத் திட்டத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது இந்தப் பொறுமைதான். கணினியைப் பாராட்டும் செய்திகளில் இவர்கள் ஒரு வரியில் முடிந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

[திரையில்: கறுப்புப் பின்னணியில் ஒவ்வொன்றாக நிறம் பெறும் நியூரான்கள். கடைசியில் முழு மூளை.]

சரி, வரைபடம் கிடைத்துவிட்டது. இதனால் என்ன பயன்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிலிப் ஷியு, கிறிஸ்டின் ஸ்காட் ஆகியோரின் குழு ஒரு துணிச்சலான சோதனை செய்தது. வரைபடத்தை அப்படியே கணினிக்குள் ஏற்றினார்கள். எந்த நியூரான் எதோடு, எத்தனை சினாப்ஸ்களால் இணைந்திருக்கிறது. அது அடுத்த செல்லைத் தூண்டுமா, அடக்குமா. இவ்வளவுதான் கொடுத்தார்கள். மற்றபடி எல்லா நியூரான்களுக்கும் ஒரே எளிய விதி: வரும் தூண்டல் ஓர் அளவைத் தாண்டினால் துடி, இல்லாவிட்டால் சும்மா இரு.

பிறகு, கணினிக்குள் இருக்கும் இனிப்பு உணரும் செல்களை 'எழுப்பினார்கள்'. சமிக்ஞை பின்னல் வழியே ஓடி, உறிஞ்சுகுழலை நீட்டும் தசையை இயக்குகிற நியூரானில் போய் முடிந்தது! கசப்புச் செல்களைக் கூடவே எழுப்பியபோது அந்தத் துடிப்பு அடங்கியது. வழியில் எந்தெந்த நியூரான்கள் முக்கியம் என்று கணினி சொன்னதை உயிருள்ள ஈக்களில் சோதித்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் பொருந்தியது.

இதை முதலில் படித்தபோது திரும்ப ஒருமுறை படித்தேன். உயிருள்ள ஒரு செல்லுக்குள் எத்தனையோ வேதியியல் நடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, இணைப்பை மட்டும் வைத்து ஒரு நடத்தையை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் ஒரு நியாயமான கேள்வி வரும். இது ஒரே ஓர் ஈயின் மூளை. இன்னொரு ஈயில் இதே பின்னல்தான் இருக்குமா?

இதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. 2020-ல் வேறொரு ஈயின் மூளையில் ஒரு பகுதியை, சுமார் 25,000 நியூரான்களை, ஜனேலியாவில் வரைந்திருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, பத்துக்கும் மேற்பட்ட சினாப்ஸ்களால் ஆன வலுவான இணைப்பு ஓர் ஈயில் இருந்தால், மற்றதிலும் இருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருந்தது. வேறுபாடும் இருந்தது. நினைவோடு தொடர்புடைய 'காளான் உடல்' என்ற பகுதியில் ஒரு வகை நியூரான், ஓர் ஈயில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மற்ற ஈயில் இருந்தது. எண்ணிக்கை இவ்வளவு மாறினாலும், அந்தச் செல்களுக்கு வரும் தூண்டலுக்கும் அடக்கலுக்கும் இடையிலான விகிதத்தை மூளை மாறாமல் காத்திருக்கிறது.

வரைபடம் காட்டாதவையும் உண்டு. சினாப்ஸைத் தாண்டிப் பரவும் பெப்டைடுகள் என்ற சிறு புரத வேதிப்பொருட்கள் இதில் தெரியாது. பசியோடு இருக்கும் ஈயும் வயிறு நிறைந்த ஈயும் ஒரே சர்க்கரைக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ள இத்தகைய வேதிப்பொருட்களும் காரணம். உறைந்த மூளையில் பசி பதிவாவதில்லை.

[திரையில்: மணல் துகள் அளவு திசு. மெல்லப் பெரிதாகிறது.]

1979-ல் பிரான்சிஸ் கிரிக், டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்த அதே கிரிக், மூளை ஆராய்ச்சி பற்றி எழுதியபோது, ஒரு கன மில்லிமீட்டர் மூளைத் திசுவின் துல்லியமான இணைப்பு வரைபடத்தைக் கேட்பது நடக்காததைக் கேட்பதற்குச் சமம் என்றார். 2024 மே மாதம் ஹார்வர்டின் ஜெஃப் லிக்ட்மன் குழுவும் கூகுளும் அந்த அளவுள்ள மனித மூளைத் துண்டைக் காட்டின: 57,000 செல்கள், சுமார் 15 கோடி சினாப்ஸ்கள். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் எடுத்த திசு அது.

2025 ஏப்ரலில் எலி. பேலர் மருத்துவக் கல்லூரி, ஆலன் ஆய்வு நிறுவனம், பிரின்ஸ்டன் ஆகியவை இணைந்து ஒரு சுண்டெலியின் பார்வைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில் பார்வையைக் கவனிக்கும் பகுதியில், ஒரு கன மில்லிமீட்டரை வரைந்தன. 52 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள். அந்த எலி உயிரோடு இருந்தபோது காணொளிகளைக் காட்டி, பல்லாயிரம் நியூரான்கள் எப்போது துடிக்கின்றன என்றும் பதிவு செய்திருந்தார்கள். ஆக, யார் யாரோடு இணைந்திருக்கிறார் என்பதும், எதைப் பார்த்து யார் துடித்தார் என்பதும் ஒரே துண்டில் கிடைத்தன. ஈயின் வரைபடத்தில் இல்லாத ஒன்று இது.

சுண்டெலியின் முழு மூளை அந்தத் துண்டைப்போல ஏறத்தாழ 500 மடங்கு. அதை வரைவதற்கான ஆயத்தங்கள் தொடங்கிவிட்டன. இதற்கிடையில் ஈயின் வரைபடம் இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. கோடெக்ஸ் என்று பெயர். உள்ளே போய் இனிப்பு உணரும் ஒரு நியூரானைத் தேர்ந்தெடுத்தால், அது எங்கெங்கே கிளை நீட்டுகிறது என்று நிறத்தோடு திரையில் விரியும்.

[திரையில்: ஒற்றை நியூரான் மெல்லச் சுழல்கிறது.]