கரடுமுரடான பாறைமேல் துணி விரித்து அஸ்திவாரம்

[காட்சி: கடலோரப் பாறைச் சரிவு. மேலே பாசி, இடுக்குகளில் மண்.]

இது கனடாவின் மேற்குக் கரை, பிரிட்டிஷ் கொலம்பியா. பனியாறுகள் தேய்த்துவிட்டுப் போன பாறை. இரண்டடி தள்ளி நின்றாலே உயரம் ஒரு சாண் மாறிவிடும். இதன்மேல் ஒரு வீடு வரவேண்டும்.

பாறை கிடைத்தது நல்ல விஷயம்தான். அங்கே மண்ணில் அஸ்திவாரம் போட்டால், குளிர்காலத்தில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே பெரும்பாலும் போயாக வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து உப்பும் மண் கட்டடத்தையே தூக்கிவிடும். உறுதியான பாறைக்குக் கனடாவின் கட்டட விதிகள் அந்த ஆழக் கணக்கை வைக்கவில்லை. பாறையின் முகத்திலேயே கான்கிரீட்டை உட்காரவைக்கலாம். சிக்கல் சென்ட்ரிங்கில்தான், அதாவது ஈரக் கான்கிரீட் இறுகும்வரை அதைப் பிடித்து நிறுத்தும் பலகை அச்சில்.

[காட்சி: பாறைமேல் நிறுத்திய பலகை. அடியில் வெளிச்சம் தெரிகிறது.]

பலகை நேராக இருக்கிறது, பாறை நேராக இல்லை. ஆகவே பலகையின் அடியைப் பாறையின் நெளிவுக்கு ஏற்ப வரைந்து, அறுத்து, வைத்துப் பார்த்து, மறுபடி அறுக்கவேண்டும். அப்போதும் இடுக்கு விடும். அதன் வழியே சிமெண்ட் பால் ஒழுகிப்போனால், அந்த இடத்தில் ஜல்லி மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும்.

துணி இந்த வேலையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மேல்மட்டம் பலகையின் பொறுப்பு, அடி துணியின் பொறுப்பு. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

[காட்சி: அந்தரத்தில் இணையாக ஓடும் இரண்டு பலகைகள். லேசர் கோடு.]

பாறையில் முளைக்குச்சி இறங்காது. துளையிட்டுக் கம்பி நட்டு, அந்தக் கம்பிகளில் பலகைகளைக் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் இடையே அஸ்திவாரத்தின் அகலம். இரண்டும் ஒரே மட்டம். பாறையைத் தொடவேண்டியதே இல்லை. நடுவே துணியைத் தூளி போலத் தொங்கவிட்டு, ஓரங்களைப் பலகையில் ஸ்டேபிள் அடித்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபாப்-ஃபார்ம் நிறுவனம் இதற்கென்றே நெய்த பாலிஎத்திலீன் துணியை விற்கிறது. நெசவு என்பதால் கல்முனை குத்தினாலும் பிளாஸ்டிக் தாள்போல நெடுகக் கிழிந்துகொண்டு போகாது.

இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. துணியை இழுத்துப் பிடித்து அடிப்பது நேர்த்தியாகத் தெரியும், ஆனால் அது தப்பு. கான்கிரீட் விழுவதற்கு முன்பே ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் துணி தளர்வாகத் தொட்டுக் கிடக்கவேண்டும். விறைப்பாக இருந்தால் பள்ளத்துக்கு மேலே பாலம் போட்டுவிடும். கீழே காற்று, மேலே கான்கிரீட், அதன்மேல் வீடு! கையை உள்ளே விட்டு மூலைமூலையாக அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

சரி, துணி தாங்குமா? ஈரக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. 45 செ.மீ. ஆழமுள்ள பள்ளத்தின் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,080 கிலோ அழுத்தம். அகலமோ நீளமோ அல்ல, உயரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஆழமான இடத்தில் பக்கங்கள் தொப்பையாக வெளியே தள்ளும், பலகைகளும் விலகப் பார்க்கும். குறுக்குச் சட்டங்களை அங்கே நெருக்கமாக அடியுங்கள். தொப்பைக்கும் சேர்த்துக் கான்கிரீட் கணக்குப் போடுங்கள்.

[காட்சி: பாறையில் துளையிடும் டிரில். துளையை ஊதிச் சுத்தம் செய்கிறார்கள்.]

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. அடியில் துணி இருந்தால் கான்கிரீட் பாறையோடு ஒட்டாது. சரிவான பாறையில் இது விளையாட்டில்லை. பாசியையும் மண்ணையும் உதிரும் கல்லையும் நீக்கிக் கழுவிவிட்டு, பொறியாளர் சொன்ன இடைவெளியில் துளையிட்டு, எபாக்ஸி பசை ஊற்றிக் கம்பிகளை நிறுத்தவேண்டும். துணியில் சின்னக் கீறல் போட்டுக் கம்பியை மேலே எடுக்கவேண்டும். அஸ்திவாரம் வழுக்காமல் பிடித்திருப்பது அந்தக் கம்பிகள்தான். சரிவு அதிகமென்றால் பாறையைப் படிபோல வெட்டித்தான் ஆகவேண்டும். துணி அதற்கு மாற்று இல்லை. பாறையோடு நேரடித் தொடர்பே வேண்டும் என்று பொறியாளர் சொன்னால், துணி பக்கங்களுக்கு மட்டும்தான்.

ஊற்றுவது தாழ்ந்த பள்ளத்திலிருந்து தொடங்கட்டும். தண்ணீராக இருக்கும் கலவை சரிவில் ஓடிவிடும், கொஞ்சம் கெட்டியாகவே கேளுங்கள். பள்ளங்களை முதலில் நிரப்பி, சற்று இறுகவிட்டு, அப்புறம் மேல்மட்டம் வரை. கான்கிரீட்டை அதிரவைத்துக் காற்றை வெளியேற்றும் வைப்ரேட்டரின் முனை துணியில் படக்கூடாது.

இறுகியபின் பலகைகளைக் கழற்றிக்கொள்ளலாம். துணி அப்படியே கிடக்கட்டும். கீழிருந்து ஈரம் கான்கிரீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும்.

[காட்சி: மழைநீர் பாறைமேல் வழிகிறது.]

இன்னொன்று, தண்ணீர். பாறைக்குள் மழை இறங்காது, மேலேயே வழியும். சரிவுக்குக் குறுக்கே நீங்கள் கட்டுவது அதற்கு ஓர் அணை. மேட்டுப் பக்கம் எங்கே தேங்கும் என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அந்தத் தாழ்ந்த இடத்தில் குறுக்கே ஒரு பைப் வைத்துவிடுங்கள். துணி விரிக்கும்போதே வைக்கவேண்டும். பைப் வெளியே வரும் இடத்தில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டால் சிமெண்ட் பால் ஒழுகாது.