காசு கொடுத்து வாங்கிய கேம் எங்கே போனது?

[திரை: இரவு நேர நெடுஞ்சாலை. ஓடிக்கொண்டிருந்த கார் அப்படியே உறைகிறது. சர்வருடன் இணைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு.]

வணக்கம். திரையில் உறைந்து நிற்பது போன்ற ஒரு காரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. கேமின் பெயர் தி க்ரூ. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. நியூயார்க்கில் காரை எடுத்தால், நடுவில் எங்கும் லோடிங் திரை குறுக்கிடாமல் லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஓட்டிக்கொண்டே போகலாம். அமெரிக்காவைச் சுருக்கி ஒரே வரைபடமாக்கியிருந்தார்கள். மற்றவர்களோடு பந்தயம் ஓட்டலாம். யாரும் வேண்டாம் என்றால் தனியாகவே கதையை முடிக்கலாம்.

2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுவனம் நிறுத்தியது. டிஸ்க்கை அலமாரியில் வைத்திருந்தவருக்கும் சரி, டவுன்லோடு செய்திருந்தவருக்கும் சரி, அதன்பிறகு கேம் திறக்கவில்லை. தனியாக ஓட்டவும் வழியில்லை. ஏனென்றால் நாம் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோதும் அது சர்வரோடு பேசிக்கொண்டேதான் ஓடியது. அடுத்த சில நாட்களில், வாங்கியவர்கள் பலருடைய கணக்குகளிலிருந்தே அந்த கேமின் உரிமத்தை எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு வீடியோ எடுக்க இணையத்தில் ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சர்வர் என்றால் உண்மையில் என்ன, அதை அணைத்தால் கேம் ஏன் செத்துப்போக வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

[திரை: எட்டு கம்ப்யூட்டர்கள் உள்ள அறையின் கோட்டோவியம். ஏழாவது மட்டும் சிவப்பு நிறத்தில்.]

2000களின் நடுவில், எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புற மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர்கள். மணிக்கு இருபது ரூபாய். ஏசி உண்டு, முதலாளி உள்ளே இருக்கும்போது மட்டும் ஓடும். அங்கேதான் நாங்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 விளையாடினோம். மூலையில் இருந்த ஏழாம் நம்பரில் ஒருவன் ஆட்டத்தைத் தொடங்குவான். மற்றவர்கள் 192.168 என்று ஆரம்பிக்கும், அந்த அறைக்குள் மட்டும் செல்லும் அவன் கம்ப்யூட்டரின் முகவரி எண்ணைத் தட்டி உள்ளே வருவோம். இணைய இணைப்பு அறுந்துபோயிருந்தாலும் கவலையில்லை. அந்த ஏழாம் நம்பர்தான் சர்வர்.

அந்த நாற்காலிக்குத் தினமும் அடிதடி நடக்கும். காரணம் உண்டு. நான் துப்பாக்கியால் சுட்டேன் என்பதை என் கம்ப்யூட்டர் சர்வரிடம் சொல்கிறது. எதிரி மேல் பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது சர்வர். நான் சொல்வது அங்கே போய்ச் சேர ஆகும் நேரம், தீர்ப்பு திரும்பி வர ஆகும் நேரம், இரண்டையும் கூட்டினால் கிடைப்பதுதான் பிங். ஏழாம் நம்பரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பயணமே கிடையாது. நீதிபதியின் மடியில் உட்கார்ந்துகொண்டு வழக்காடுவதைப் போன்றது அது. ஒரே ஓரிடத்தில் மட்டும் அவனுடைய அதிகாரம் செல்லாது. கரண்ட் போனால் எட்டுப் பேரும் ஒன்றாக இருட்டில்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஏழாம் நம்பரில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. மற்ற ஏழில் இருந்த அதே கேம்தான் அதிலும் இருந்தது. ஆட்டத்தை நடத்தும் நிரலும் கேமோடு சேர்ந்தே வந்தது. 1996இல் வந்த குவேக் கேமிலும் இதே ஏற்பாடுதான். யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரில் சர்வர் வைக்கலாம். போதாததற்கு 1999 கடைசியில் குவேக்கின் மூல நிரலையே, அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் வெளியிட்டது. அதை இன்றைக்கும் ஆட்கள் தட்டிக் கொட்டி, புதிய கம்ப்யூட்டர்களில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு ஏன் மாறியது? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டிக்கொடுக்கும் திருட்டு நிரல்களால் கேம்கள் நாறிப்போனதும் உண்மை. யாரோ ஒருவருடைய சர்வரில் நுழைந்து, அவருடைய நண்பர்கள் கூடி அவமானப்படுத்தித் துரத்தியதும் உண்மை. ஒரே பொத்தானை அழுத்தினால் நம் தரத்துக்கு ஏற்ற பத்துப் பேரோடு ஆட்டம் அமையும் என்று நிறுவனங்கள் சொன்னபோது நாம் ஓடிப்போய் அழுத்தினோம். கூடவே கடையும் திறந்தது. துப்பாக்கிக்குப் பூச்சு, சட்டைக்குப் பூவேலை. கடை நடத்துபவர் கல்லாவை நம் வீட்டில் வைக்க மாட்டார் அல்லவா? சர்வர் அவரிடமே இருந்துவிட்டது.

[திரை: ஒரு குழாய். கேமரா குழாயின் பின்னால் போகிறது. பல தெருக்கள் தாண்டி ஒரு வால்வு.]

குழாய் நம் வீட்டில் இருக்கிறது, வால்வு வேறு தெருவில் இருக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலை இந்திய அரசு தடை செய்தபோது இங்கே பலருக்கு இது புரிந்தது. அக்டோபர் 30க்குப் பிறகு இந்தியாவில் இருந்தவர்களுக்கு சர்வர் கிடையாது. கேம் போனில்தான் இருந்தது, ஐகானைக்கூடத் தொடலாம். அது அரசின் முடிவு, நிறுவனம் கைவிட்டதல்ல, இரண்டும் வேறு வழக்குகள். ஆனால் வால்வு ஒன்றுதான். அடுத்த ஆண்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பியது, பழைய கணக்குகளை மாற்றிக்கொள்ளவும் வழி கொடுத்தார்கள். தி க்ரூ ஆடியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை.

[திரை: பழைய எக்ஸ்பாக்ஸ் கன்சோல். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.]

எக்ஸ்பாக்ஸ் என்பது டிவியோடு இணைத்து கேம் ஆடும் கன்சோல். அதில் முதலாவதற்கான இணையச் சேவையை 2010 ஏப்ரல் நடுவில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அத்தோடு ஹேலோ 2இன் இணைய ஆட்டமும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த கேமில், ஆட்களைச் சேர்த்துவைப்பது வரைதான் நிறுவனத்தின் சர்வர். ஆட்டம் தொடங்கிவிட்டால், ஆடுபவர்களில் ஒருவருடைய கன்சோலே ஏழாம் நம்பர் ஆகிவிடும். ஆக, சேவை நின்ற நொடியில் உள்ளே இருந்தவர்களை உடனே வெளியேற்ற முடியவில்லை. வெளியே போனவர் திரும்ப வர முடியாது, அவ்வளவுதான்.

பத்துப் பதினைந்து பேர் வெளியே போக மறுத்தார்கள். கன்சோலை அணைக்கவே இல்லை. தூங்கும்போதும் ஓடியது, வேலைக்குப் போனபோதும் ஓடியது. ஒருவருடைய வீட்டில் இணையம் ஒரு கணம் துண்டிக்கப்பட்டாலும் அவர் கதை முடிந்தது. பழைய இயந்திரம் சூடு தாங்காமல் நின்றாலும் முடிந்தது. இப்படி ஒவ்வொருவராக உதிர்ந்து, மே 10 வாக்கில் கடைசி ஆளும் வெளியேறினார். ஏறக்குறைய 25 நாட்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. மூடப்பட்ட தியேட்டரின் வாசலில் பழைய டிக்கெட்டோடு நிற்பவரைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது.

கேமர்கள் எல்லாரும் தியாகிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற கேமை கொரிய நிறுவனமான என்சிசாஃப்ட் 2012 நவம்பரில் மூடியது. ரசிகர்கள் மனு கொடுத்தார்கள், அழுதார்கள், அடங்கினார்கள். 2019இல் ஒரு குட்டு உடைந்தது. ஒரு சிறிய கூட்டம் அந்த கேமின் சர்வரை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ரகசியமாகத் தாங்கள் மட்டும் ஆடியிருக்கிறார்கள்! வெளியே இருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ரகசியம் வெளியே வந்து பலருடைய சர்வர்களாகப் பெருகியது. அவற்றில் ஒன்றான ஹோம்கமிங்குக்கு 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் முறையான அனுமதியே கொடுத்தது. அதாவது, நிறுவனம் மனம் வைத்தால் ரசிகர்கள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வானம் இடிந்து விழவில்லை.

[திரை: ஐரோப்பிய வரைபடம். கையெழுத்து எண்ணிக்கை ஏறுகிறது, நடுவில் நெடுநேரம் நிற்கிறது, பிறகு பாய்கிறது.]

தி க்ரூ மூடியதைப் பார்த்து, ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர் 2024 ஏப்ரலில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பெயர் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ். சர்வரை ஆயுள் முழுக்க ஓட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் சிலர் காதில் ஏறுவதில்லை. விற்ற கேமைக் கைவிடும்போது, வாங்கியவர்கள் ஏதாவது ஒரு வழியில் தொடர்ந்து ஆடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுக்குள் பத்து லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை கடைசியில் கையெழுத்து தொடங்கியது. பாதித் தூரம்கூட வராமல் படுத்துவிட்டது.

அதை எழுப்பியது சட்ட அறிவு அல்ல, சண்டை. கேம் உருவாக்கத்தில் இருந்த புகழ்பெற்ற ஸ்ட்ரீமர் (கேம் ஆடுவதை நேரலையில் காட்டுபவர்) ஒருவர் இந்த இயக்கத்தை முன்பே தாக்கிப் பேசியிருந்தார். கெடு முடிய ஒரு மாதம் இருக்கையில், அவருடைய வாதத்தை ராஸ் ஸ்காட் வரிவரியாக மறுத்து, இயக்கம் தோற்கப்போகிறது என்று ஒரு வீடியோ போட்டார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனது. 2025 ஜூலை தொடக்கத்தில் பத்து லட்சம் தாண்டியது. கேமர்களின் சண்டைக் குணத்தால் ஒரு நன்மை விளைந்ததை நான் பார்த்தது இந்த ஒரு முறைதான்.

நிறுவனங்களின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் தாங்களே நடத்தும் தனியார் சர்வர்களில் பயனர்களின் தரவைப் பாதுகாக்க முடியாது, தகாத பேச்சை நீக்க முடியாது, இணையத்துக்கென்றே உருவான கேம்களின் செலவு எகிறும் என்கிறது ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் சங்கம். மூன்றாவதை நான் ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடப் பழைய கேமைப் பிரித்து மேய்ந்து சர்வரைத் தனியே எடுப்பது எளிதல்ல. ஆனால் இனி வரப்போகும் கேமை வரையும்போதே பின்வாசல் ஒன்று வைத்துக் கட்டலாமே? யூபிசாஃப்டே 2024 செப்டம்பரில், தி க்ரூ 2க்கு இணையம் இல்லாமல் ஆடும் வசதி தருவதாக அறிவித்தது. முடியாதது எப்படி ஐந்தே மாதத்தில் முடியும் என்றானது?

விதிமுறையைப் படிக்காமல் சரி என்று அழுத்தியது நீதானே என்று கேட்கும் சக கேமர்களுக்கு ஒரு செய்தி. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. விற்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் பணம் கட்டும் பக்கத்தில் இப்போது அந்த வரி இருக்கிறது, போய்ப் பாருங்கள். மூடப்படுவதை அந்தச் சட்டம் தடுக்காது. பொத்தானில் எழுதியிருப்பது பொய் என்று மட்டும் ஒப்புக்கொள்ள வைக்கிறது.

[திரை: இரண்டு லேப்டாப்கள், நடுவில் ஒரு வைஃபை ரூட்டர். ரூட்டரிலிருந்து இணையக் கம்பி பிடுங்கப்பட்டிருக்கிறது.]

போன பொங்கல் விடுமுறையில் பழைய ஹார்டு டிஸ்க்கைத் துழாவியபோது கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 கிடைத்தது. பிரவுசிங் சென்டர் காலத்துப் பிரதி. அசலா என்று கேட்காதீர்கள், எனக்கே கூச்சமாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேம்கள் போய்விட்டன, இது ஓடுகிறது. அக்கா மகனின் லேப்டாப்பிலும் ஏற்றினேன். என்னுடையது ஏழாம் நம்பர். அவன் அந்த எண்ணைத் தட்டினான்.

“மாமா, லாகின் எங்கே இருக்கிறது?”

“கிடையாது.”

“அப்டேட்?”

“கிடையாதுடா, உள்ளே வா.”

பிங் இல்லாத நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் மூன்றாவது சுற்றில் பின்னால் வந்து என்னைக் கத்தியால் குத்திவிட்டான்.