எழுந்து நின்றவர்கள் பதின்மூன்று பேர்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிறு மாலை வாசகர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பின் வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களே, வணக்கம். முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

2020 நவம்பர் 26-ஆம் தேதியை நான் மறக்கவில்லை. கோவிட் காலம். அன்று மக்களவையில் 2021-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் வாக்கெடுப்புக்கு வந்தது. 322.5 பில்லியன் ரிங்கிட். அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பது அன்று தெரிந்துவிடும் என்று நாடே காத்திருந்தது. பல வாரங்களாக எதிர்த்தரப்பிலிருந்து வந்த அறிக்கைகளை நான் நாளிதழிலிருந்து வெட்டி வைத்திருந்தேன். மக்களைக் காக்காத பட்ஜெட், ஏற்க முடியாத பட்ஜெட் என்று அத்தனை சூடு.

சபாநாயகர் குரல் வாக்கு கேட்டார். ஆதரவுக் குரலே ஓங்கியது என்றார். பெயர் பெயராக எண்ண வேண்டுமானால் பதினைந்து பேர் எழுந்து நின்றால் போதும். அவை விதி அதுதான். அன்று எழுந்து நின்றவர்கள் பதின்மூன்று பேர்.

பதின்மூன்று! எதிர்த்தரப்பில் நூறு பேருக்கு மேல் இருந்த அவையில் இன்னும் இரண்டு பேர் எழவில்லை. குழுநிலை விவாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் தம் பக்கத்தவர்களிடம் சொன்னதாகக் காரணம் வந்தது. அந்தக் காரணத்தை ஏற்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. என்னை உலுக்கியது வேறு. அன்றைய அவைக் குறிப்பேட்டை, ஹன்சார்டு என்கிறோமே அதை, இணையத்தில் திறந்து பார்த்தேன். என் தொகுதியின் பிரதிநிதி அந்தப் பட்ஜெட்டை ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று அதில் எங்கேயும் இல்லை. எண்ணவில்லை, அதனால் பெயரும் இல்லை. வெட்டி வைத்த அறிக்கை ஒரு கையில், பெயரில்லாத பக்கம் மறு கையில். அன்று இரவு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 15-ஆம் தேதி, கடைசிக் கட்டமான மூன்றாம் வாசிப்பில் எண்ணினார்கள். ஆதரவு 111, எதிர்ப்பு 108, ஒருவர் வரவில்லை. இப்போது ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. இரண்டு நாளும் அதே பட்ஜெட், அதே உறுப்பினர்கள். எண்ணிய நாளில்தான் நமக்கு ஏதோ தெரிய வந்தது.

நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதியவன். ஏழு வயதுப் பிள்ளை ஒருநாள் வராவிட்டால் சிவப்பு மையில் குறிப்போம், காரணக் கடிதம் கேட்போம். நாட்டின் சட்டத்தை எழுதுகிறவர்களிடம் அவ்வளவுகூட நாம் கேட்பதில்லை.

நாம் எதைக் கேட்கிறோம்? கோயில் திருவிழாவுக்கு வந்தாரா, துக்க வீட்டில் தலை காட்டினாரா, தீபாவளிக்கு அரிசி மூட்டை வந்ததா, தமிழ்ப்பள்ளிக் கூரைக்குக் காசோலை கொடுத்தாரா. இதைக் கேட்பதில் குற்றமில்லை. சாவு வீட்டுக்கு வந்து தோளில் கை வைப்பவரை நான் குறைவாக நினைக்க மாட்டேன். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. இந்த நாட்டில் நகராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் ஓட்டுப் போட்டு மாற்றக்கூடிய நகராட்சி உறுப்பினர் நமக்கு இல்லை. ஆகவே தெருவிளக்குக்கும் எம்.பி., குப்பை வண்டிக்கும் எம்.பி. அவருடைய சேவை மையத்தில் திங்கள்கிழமை காலை வரிசையைப் பார்த்தால் தெரியும். இப்படியே பழகிவிட்டு, அவரை எந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தோமோ அதை மறந்துவிட்டோம். அவர் வேலை சட்டம் இயற்றுவது. அதில் அவர் கை எந்தப் பக்கம் தூக்கியது என்பதுதான் முதல் கேள்வி.

குரல் வாக்கு எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. சபாநாயகர் ஆதரவா என்று கேட்பார், ஒரு முழக்கம் எழும். எதிர்ப்பா என்பார், இன்னொரு முழக்கம். எது ஓங்கியது என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதுவே தீர்ப்பு. மசோதா ஏற்கப்பட்டது என்று ஹன்சார்டில் ஒரு வரி ஏறும். பதினைந்து பேர் எழுந்தால்தான் மணி அடித்து, பிரிவு பிரிவாக எண்ணி, பெயர்களை ஏட்டில் ஏற்றுவார்கள். மலாயில் இதை பெலா பஹாகியான் என்கிறோம். அரசமைப்புத் திருத்தம் என்றால் 222 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்கு வேண்டும் என்பதால் அதைக் கட்டாயம் எண்ணுவார்கள். மற்றபடி நம் சட்டங்களில் பெரும்பாலானவை அந்த முழக்கத்திலேயே நிறைவேறியவை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2023 ஏப்ரல் 3. கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா. பதினொரு குற்றங்களுக்கு, தூக்கு மட்டுமே என்றிருந்த நிலை போய், நீதிபதி முடிவு செய்யலாம் என்று மாறியது. ஆயிரத்து முன்னூறு பேருக்கு மேல் தூக்குத் தண்டனைக் கைதிகளாக இருந்த நேரம். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு, இந்த அறையில் இருக்கிற சிலருக்கு அது சொல்லாமலே தெரியும். நான் அந்தச் சட்டத்தை மனதார வரவேற்றவன். ஆனால் அதுவும் குரல் வாக்கில்தான் நிறைவேறியது. உயிரை எடுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு இன்னார் இன்ன பக்கம் நின்றார் என்று ஏட்டில் இல்லை. நாளை ஒருவர் நான்தான் முன்னின்று ஆதரித்தேன் என்று மேடையில் சொல்லலாம், இன்னொருவர் நான் அன்றே எதிர்த்தேன் என்று வேறொரு மேடையில் சொல்லலாம். இருவரையும் மறுக்க நம் கையில் ஒன்றுமில்லை. நல்ல சட்டத்துக்கும் பெயர் வேண்டும், ஐயா.

எண்ணிய வாக்கெடுப்புகளில் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது வராதவர்கள் கணக்கை. 2015 ஏப்ரல் 7, அதிகாலை இரண்டு மணிக்கு மேல், விசாரணை இன்றித் தடுத்து வைக்க வழி செய்யும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆதரவு 79, எதிர்ப்பு 60. இரண்டையும் கூட்டினால் 139. அவை 222. இஎஸ்ஏ என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்து வளர்ந்த தலைமுறை நாம். அது வேறு பெயரில் திரும்பி வந்த இரவில் வாக்கில் சேராதவர்கள் எண்பதுக்கு மேல். எல்லாரும் வந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது வேறு பேச்சு. ஆனால் மேடையில் அந்தச் சட்டத்தைத் திட்டியவர் அந்த இரண்டு மணிக்கு எங்கே இருந்தார் என்று அவருக்கு ஓட்டுப் போட்டவர் கேட்கலாம்.

சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டம் நமக்கு இன்னும் நெருங்கிய கதை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லிப் பன்னிரண்டு பேரைப் பிடித்தார்கள், எல்லாரும் நம்மவர்கள், அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். மாதக்கணக்கில் ஜாமீன் இல்லை. அந்தத் தீபாவளி அந்த வீடுகளில் எப்படி இருந்திருக்கும்! 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்கை மீட்டுக்கொண்டார். சொஸ்மாவின் கொடுமையான பிரிவுகளை நீக்குவோம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் எழுதியவர்களின் ஆட்சியில் நடந்தது இது. பிறகு 2022 மார்ச் 23-இல், 28 நாள் தடுப்புக்காவல் பிரிவை நீட்டிக்கும் தீர்மானம் வந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 86, வராதவர்கள் 50. இரண்டே வாக்கில் தோற்றது. நான்கு மாதம் கழித்து, ஜூலையில், அதையே மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். மார்ச்சில் வராமல் இருந்து, ஜூலையில் ஆதரித்தவர் உங்கள் எம்.பி.யா? அதற்குப் பதில் ஹன்சார்டில் இருக்கிறது. அவரது முகநூல் பக்கத்தில் தேடிப் பயனில்லை.

2024 டிசம்பரில், தொடர்பு பல்லூடகச் சட்டத் திருத்தம். நீங்கள் கைப்பேசியில் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் தொடும் சட்டம். ஆதரவு 59, எதிர்ப்பு 40, நடுநிலை 1. மொத்தம் நூறு பேர்.

சில நேரம் வாக்கு மட்டும் பார்த்தாலும் போதாது, பேச்சையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன்.

என் சின்னம்மா சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கடைசிவரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். அந்த அட்டையை ஒரு ரொட்டிப் பையில் சுற்றி, மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு பழைய பத்திரத்தோடு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். ஒவ்வொரு தேர்தலிலும் எங்களோடு வாக்குச் சாவடி வாசல்வரை வருவார், மரத்தடியில் உட்காருவார். நாங்கள் மை விரலோடு திரும்பும்போது விரலைப் பிடித்துப் பார்ப்பார். ஒருமுறைகூட உள்ளே போகாமலே இறந்தார்.

2024 அக்டோபர் 17-ஆம் தேதி குடியுரிமைச் சட்டத்துக்கான அரசமைப்புத் திருத்தம் 206 வாக்குகளோடு நிறைவேறியது. மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கும் இனிக் குடியுரிமை தானாகக் கிடைக்கும். எத்தனையோ தாய்மார்கள் நீதிமன்றப் படியேறிக் கேட்ட உரிமை, அதை ஆதரிக்காதவர் யார்! ஆனால் அதே திருத்தத்துக்குள் இன்னொன்றும் இருந்தது. நிரந்தரவாசிகளுக்கு, அதாவது என் சின்னம்மாவைப் போன்ற சிவப்பு அட்டைக்காரர்களுக்கு, இந்த மண்ணில் இனிப் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். தாய்மார்களுக்குக் கொடுத்ததும், இந்தப் பிள்ளைகளிடம் எடுத்ததும் ஒரே வாக்கில். ஆதரித்த 206 பேரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விவாதத்தில் எழுந்து, இந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று மன்றாடிவிட்டு ஆதரித்தவர் ஒருவர். வாய் திறக்காமல் ஆதரித்தவர் ஒருவர். இருவரும் எண்ணிக்கையில் ஒன்று, எனக்கு ஒன்றல்ல. அந்த வேறுபாடு பேச்சைப் படித்தால்தான் தெரியும். அதே ஆண்டு மார்ச்சில், பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பாதிக்கும் பகுதியை அரசாங்கம் கைவிட்டது. பலர் பேசியதால், எழுதியதால், விடாமல் கேட்டதால் கைவிட்டது. கேட்டால் நடக்கும் என்பதற்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை.

பேச்சுக்குப் பொறுப்பேற்பது என்றால் எனக்கு நினைவுக்கு வருபவர் ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டி.ஆர். சீனிவாசகம். ஈப்போக்காரர்களுக்கு அவர் பெயரில் ஒரு பூங்கா இருப்பது தெரியும். அறுபதுகளில் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். அவைக்குள் பேசுவதற்கு அரசமைப்பின் 63-ஆவது விதி பாதுகாப்புத் தருகிறது, யாரும் அவதூறு வழக்குப் போட முடியாது. வெளியே வந்து சொல்ல முடியுமா என்று சவால் வந்தது. அவைக்கு வெளியே, மக்கள் முன்னால், அதையே திரும்பச் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1965-இல் அமைச்சர் தோற்றார், பிறகு பதவியையும் விட்டார். உள்ளே ஒன்று வெளியே ஒன்று பேசாத நாக்கு அது. பொய்யென்றால் தன் சொத்தே போகும் என்று தெரிந்து பேசிய நாக்கு.

வராததற்கு நல்ல காரணம் இருக்கலாம் என்பீர்கள். உண்மைதான், மருத்துவமனையில் இருப்பார், நாட்டு வேலையாக வெளியூரில் இருப்பார். கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறினால் அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை என்பதும் உண்மை. அதையும் அவர் வாயாலேயே கேட்போம். கட்சி சொன்னது, தலை வணங்கினேன் என்று ஒருவர் நேராகச் சொன்னால் நான் அவரை மதிப்பேன். 2019-இல் சபா, சரவாக் மாநிலங்களின் தகுதி பற்றிய அரசமைப்புத் திருத்தத்துக்கு 138 வாக்குதான் கிடைத்தது, 59 பேர் ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. ஆட்சி மாறிய பின் 2021 டிசம்பரில், சொற்கள் சற்று மாறிய திருத்தம் 199 வாக்கோடு நிறைவேறியது. அந்த இரண்டு ஆண்டில் எது மாறியது, சட்டத்தின் சொல்லா, இவர்கள் அமர்ந்த வரிசையா? அதை அந்தத் தொகுதி மக்கள் கேட்டார்களா என்பதுதான் என் கவலை.

பின்னால் நிற்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஜூலை 16-இல் பதினெட்டு வயதில் வாக்குரிமை தரும் திருத்தத்துக்கு அவையில் 211 பேர் ஆதரவு, ஒருவர்கூட எதிர்க்கவில்லை. உங்கள் கையில் அந்த மை ஏறியது அப்படித்தான். என் சின்னம்மா தொட்டுப் பார்த்த மை.

ஹன்சார்டு மலாயில் இருக்கிறது, நீளமாக இருக்கிறது, படிக்கச் சலிப்பாகவும் இருக்கும். நாடாளுமன்ற இணையத்தளத்தில் தேதி வாரியாகக் கிடைக்கிறது, காசு கிடையாது. நான் ஒருவனாக இரண்டு நோட்டுப் புத்தகம் நிரப்பியிருக்கிறேன். இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் வாக்கு. வலது பக்கத்தில் பாதி வெற்றிடம், குரல் வாக்கு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். கண் மங்கிவிட்டது, இனி இளையவர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மணி ஆறாகப் போகிறது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, மடிக்கணினி வைத்திருக்கிறாய் அல்லவா, கொஞ்சம் திற. 2024 அக்டோபர் 17. தேதியைத் தேடு, பெயர்ப் பட்டியல் வரும்வரை தள்ளிக்கொண்டே போ. மற்றவர்கள் ஒவ்வொருவராக உங்கள் தொகுதியைச் சொல்லுங்கள். ஐயா, நீங்கள் எந்தத் தொகுதி?